கிழக்கே நட்ட குச்சிகள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

லீவில் இருந்தவரை நீ என் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போனிலிருந்து அடித்தால் "சொல்லும்மா" என்று குழைந்தாய், என் குரலைக் கேட்டதும் கட். இப்போது கப்பலும் ஏறிவிட்டாய். சரி, கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் பேசியதில் ஒரு வார்த்தையைத் தவிர எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன். எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரே ஒரு துளைதானே, அதற்கா இவ்வளவு கூச்சல் என்று உங்கள் கம்பெனி வக்கீல் கேட்டார். துளை போட்டால் உள்ளேயிருந்து வரும் சேறும் கல்தூளும் எங்கே போகும்? கடல் தரையில்தான் கொட்டும். அங்கே பவளமும் கடற்பஞ்சும் புழுவும் குடியிருக்கின்றன. மேலே சேறு விழுந்தால் எழுந்து ஓட அவற்றுக்குக் கால் கிடையாது. இதைத்தான் சொன்னேன். இன்னொரு தடவை மைக் கொடுத்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் "கூலிக்கு மாரடிக்கிற கூட்டம்" என்றேனே, அது தப்பு. சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினால் கம்பெனி வரிசையில் ஆரஞ்சு சட்டையோடு நீ. வருகிறேன் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சரி, விடு. பழியை உன் தலையில் கட்டப் பார்க்கிறேன். மன்னித்துக்கொள்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள், உனக்குத் தெரியும். கூட்டம் முடிந்தபின் அனுமதிக் குழுவிடம் நான் கேட்டதில் இரண்டே இரண்டு விஷயம்தான் எடுபட்டது. துளையைப் பவளப் பாறையிலிருந்து கிழக்கே தள்ளிப் போட வேண்டும். சேறு எவ்வளவு படிகிறது என்று பார்க்க, துளைக்கும் கிழக்கே கோடு போட்ட அளவுக் குச்சிகளை நட்டு, தினமும் படம் எடுக்க வேண்டும். அந்தக் குச்சிகளை நடப்போவது உன் கேமரா வண்டிதானே? ஒழுங்காக நடு.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வெங்காய மூட்டைக்கும் முட்டை அட்டைக்கும் நடுவில் வந்தது. சப்ளை படகில் காய்கறியோடுதான் தபாலும் வரும். சமையல்காரர் கொண்டுவந்து நீட்டி, "யாருப்பா இது, கவரையே இந்த அழுத்து அழுத்தி எழுதியிருக்காங்க" என்றார். எங்க அக்கா என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

லீவில் போன் எடுக்காதது கோபம். இங்கே எடுக்க முடியாதது வேறு விஷயம். போன் இருப்பது ரேடியோ அறையில். நான் "அக்கா" என்று வாயைத் திறந்தால் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். கூட்டத்தில் நீ பேசியதிலிருந்து இங்கே எனக்குப் பேரே 'மாரடி'தான். "டேய் மாரடி, வண்டியை இறக்குடா." "மாரடிக்கு ஒரு டீ." பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகம் வேண்டும். எனக்கு என் அக்காவே போதும்.

நீ மன்னிப்புக் கேட்ட அழகும் அழகுதான். முதல் பாதியில் என்னைத் திட்டிவிட்டு, கடைசி வரியில் மன்னித்துக்கொள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் யாருக்கும் மாரடிக்கவில்லை. தகரக் கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய கேமரா வண்டியைக் கடலுக்கடியில் ஓட்டுகிறேன். பெண் பார்க்கும் இடத்தில் அம்மா இதை எப்படிச் சொல்கிறாள் தெரியுமா? "பையன் கப்பல்ல வீடியோ கேம் ஆடுறான், சம்பளம் குடுக்குறாங்க." அந்தச் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று நீயே கேட்டுக்கொள்.

குச்சிகளை நட்டாயிற்று. உன் கட்சி, என் கட்சி என்று பிரிக்காமல் ஒழுங்காகத்தான் நட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் உனக்குப் பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன், சமாதானத்துக்காக இல்லை. பவளப் பாறையின் மடிப்பில் ஓர் ஆக்டோபஸ் உட்கார்ந்திருக்கிறது. போன வருஷம் சர்வே எடுத்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தது. வெளுத்த ஊதா நிறம், கன்னத்தில் ஒரு தழும்பு. எத்தனை தடவை போனாலும் இடத்தைவிட்டு அசையாது, உள்ளே வருகிறவர்களை முறைத்துப் பார்க்கும். பையன்கள் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

உன் தம்பி

மார்ச் 1

டேய் தம்பி,

மாமியாராவது மண்ணாவது! அவள் பிள்ளைத்தாய்ச்சிடா!

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். புழு பொறுக்கும் சாமணம் கையிலிருந்து தட்டில் விழுந்து, காலையிலிருந்து பிரித்து வைத்த புழுக்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. பரவாயில்லை. போன வருஷமும் அதே இடத்தில் இருந்தாள் என்றால் முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் குளிரில் முட்டை பொரிய வருஷக்கணக்காகும். அதுவரை அவள் எழுந்து போகமாட்டாள், சாப்பிடவும் மாட்டாள். உடம்பு கரைந்துகொண்டே போகும். முட்டைமேல் தூசி படியாமல் கையால் துடைத்துவிடுவாள், மூச்சுத் தண்ணீரை அதன்மேல் ஊதிக்கொண்டே இருப்பாள். கடைசிக் குஞ்சு போனதும் செத்துப்போவாள். பிள்ளை பெறுவது அவளுக்கு ஒரே ஒரு தடவைதான்.

அவளைத் தாண்டும்போது விளக்கைக் குறைத்துக்கொள். கைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதாவது தொங்குகிறதா பார். அதற்குள் இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் குஞ்சுகளுக்குக் கண் வந்துவிட்டது, பொரிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

நல்லவேளை, சேறு அவள் பக்கம் வராது. தரையோடு ஓடும் நீரோட்டம் பாறையிலிருந்து கிழக்கே போகிறது. அதனால்தான் துளையையும் குச்சிகளையும் கிழக்கே வைக்கச் சொன்னேன். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? உன் சர்வே படத்திலிருந்துதான். அதிலுள்ள விசிறிப் பவளங்கள் எல்லாம் கேமராவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. நீ கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டியிருக்கிறாய் என்று வரைபடத்தில் அம்புக்குறி இருந்தது. அவை உன்னைப் பார்த்துச் சாய்ந்தால், தண்ணீர் கிழக்கே ஓடுகிறது என்றுதானே கணக்கு? உன் அக்காவுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

ஆறவில்லை என்று எழுதியிருந்தாய். ஆறும்போது சொல். அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். ஒரு கை நீளமாக வந்துவிட்டது, அவளிடம் சொல்லாதே.

அக்கா

மார்ச் 10

அக்கா,

உட்கார்ந்து படி.

துளை போட ஆரம்பித்தாயிற்று. மேல் பகுதியைத் துளைக்கும்போது சேற்றை மேலே இழுக்கக் குழாய் இன்னும் மாட்டியிருக்கமாட்டார்கள். எல்லாம் துளை வாயிலேயே பொங்கி வழியும். நீ சொன்னபடிதான். தினமும் போய்க் குச்சிகளைப் படம் எடுக்கிறேன். குச்சிகள் சுத்தமாக இருக்கின்றன, ஒரு கோடுகூட மூழ்கவில்லை. கம்பெனி அதிகாரி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா கெட்டிக்காரிப்பா, சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு யோசித்தேன். பொங்குகிற சேறு எங்கேயாவது போயாக வேண்டுமே. வேலை முடிந்து வண்டியை மேலே ஏற்றும் முன், யாரும் சொல்லாமல் மேற்கே திருப்பினேன்.

பாறை சாம்பல் நிறமாகிவிட்டது அக்கா. மாவு மில்லுக்குள் போன மாதிரி இருந்தது. துளையைப் பார்த்த பக்கம் விசிறிப் பவளங்களில் சேறு அப்பிக் கிடக்கிறது. பவளப் பூக்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டுவிட்டன. மாமியார் இருக்கிறாள். கையைத் தூக்கித் தூக்கித் துடைக்கிறாள். துடைத்த இடத்தில் மறுபடி படிகிறது. கைகளுக்கு நடுவே வெள்ளை முட்டைகளைப் பார்த்தேன், விரல் நுனி அளவு. நீ சொன்ன கரும்புள்ளிகளும் இருக்கின்றன.

திரும்பி வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முதல் தடவை முட்டைக் கதையிலேயே நின்றுவிட்டேன், அம்புக்குறியைக் கவனிக்கவில்லை. வரைபட அம்பு, வண்டி போன கோட்டை வரைந்தவர் ஆபீஸில் உட்கார்ந்து போட்டது. நான் அப்படி ஓட்டவில்லை. எப்போதும் நீரோட்டத்துக்கு எதிர்முகமாகத்தான் ஓட்டுவேன். அப்போதுதான் வண்டி கிளப்புகிற புழுதி பின்னால் போகும், படம் தெளிவாக வரும். அன்றைக்கும் பாறையில் ஆரம்பித்துக் கிழக்கே பார்த்துத்தான் போனேன். திசை காட்டும் எண்கள் படத்தின் அடியில் இருக்கும். உங்களுக்கு அனுப்பும்போது அதை வெட்டிவிட்டிருக்கிறார்கள் போல.

தண்ணீர் மேற்கே ஓடுகிறது. துளையிலிருந்து நேராகப் பாறைக்கு.

நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், எதற்காகக் கிழக்கே நடச் சொல்கிறாய் என்று. குச்சியை நடும்போதே எனக்கு உறுத்தியது. கேட்டால் உன்னோடு பேச வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

தம்பி

மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் அவர்கள் குறித்திருந்த இடம் பாறைக்கு வடக்கே இருந்தது. கிழக்கே தள்ளச் சொல்லி மேஜையைத் தட்டியது நான். அவர்களை அப்படியே விட்டிருந்தால்கூடச் சேறு பாறைக்கு ஓரமாகப் போயிருக்கும். அவள் தலைமேல் நானே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். உன் சர்வே படத்தைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. உனக்கு ஒரு போன் போட்டு, "எந்தப் பக்கம் பார்த்துடா ஓட்டினே?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நீதான் எடுக்கமாட்டாயே என்று வீம்பு. எடுக்காவிட்டாலும் இன்னும் பத்துத் தடவை அடித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, கொஞ்சம் பொறுங்க. இப்ப நீங்களே போய்த் தப்புன்னு சொன்னா, இனிமே நீங்க எதைச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான். அடுத்த கூட்டத்துல உங்க வாயை அடைக்க இது ஒண்ணு போதும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதும் உண்மை. இருபது வருஷமாகச் சேற்றைச் சலித்துச் சேர்த்த பேர், ஒரு மதியத்தில் போய்விடும்.

போகட்டும். நாளைக்குக் குழுவின் முன்னால் போகிறேன். திசையைத் தப்பாகப் படித்துவிட்டேன், குச்சிகள் தப்பான பக்கம் இருக்கின்றன, உடனே மேற்கே பாருங்கள் என்று சொல்லப்போகிறேன். நீ பார்த்ததைச் சொல்லமாட்டேன். உன்னிடம் படமும் கேட்கமாட்டேன். சொல்லாத இடத்துக்கு வண்டியை ஓட்டினாய் என்று உன்மேல் கை வைத்துவிட்டால் அம்மா என்னை வீட்டைவிட்டுத் துரத்திவிடுவாள். எனக்கும் தாங்காது.

அவள் உயிரோடு இருக்கிறாளா, அதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

இருக்கிறாள்.

மீதியையும் சொல்கிறேன். காலைக் கூட்டத்தில் கம்பெனி அதிகாரி ஒரு தாளோடு வந்தார். "மாரடி, உங்க அக்கா தப்பை ஒத்துக்கிட்டாங்களாம். மேற்குப் பக்கம் பாக்கணுமாம். என்னப்பா இது?" என்றார். எல்லோரும் சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்தார்கள். நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன் சார் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ அங்கே தனியாக நின்று பேசியிருப்பாயே என்று நினைத்தேன். வாய் தானாக, "பாத்தாச்சு சார்" என்றது.

படத்தைப் பெரிய திரையில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மாமியார் கையைத் தூக்கித் துடைக்கும் இடம் வந்ததும், துளை போடும் மேஸ்திரி, ஆறடி ஆள், "ஐயோ பாவம்டா" என்றார். அதிகாரி கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "கேக்காம அந்தப் பக்கம் வண்டியை ஓட்டினது தப்பு. எழுத்துல எச்சரிக்கை தருவேன், வாங்கிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே கரைக்குப் பேசினார். ஒரு மணி நேரம் கத்தினார், யாரிடம் என்று தெரியாது. துளை நின்றது. சேற்றை உறிஞ்சிப் பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளச் சரிவில் கொண்டுபோய் விட, ஒரு பம்பும் நீளக் குழாயும் வந்தன. மாட்டியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். பள்ளத்திலும் ஏதாவது குடியிருக்கும் என்று நீ சொல்வாய், தெரியும். ஆனால் இப்போது பாறைக்குப் புதுச் சேறு வரவில்லை.

பழையது அப்படியே கிடக்கிறது. எல்லோரும் தினமும் என்னிடம் மாமியார் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். சமையல்காரர் இரண்டு தடவை கேட்கிறார், சாப்பாடு கொடுக்கக் கூடாதா என்றும் கேட்டார். எனக்கு ஒரு யோசனை. வண்டியின் காற்றாடியைச் சுற்றினால் தண்ணீர் வேகமாகத் தள்ளும். அதைக் காட்டி அவள்மேல் இருக்கும் சேற்றை ஊதிவிடட்டுமா? இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

என் கண்ணு தம்பி,

வேண்டாம்! தொடாதே, ஊதாதே, கிட்டேயே போகாதே. நீ ஊதினால் சேறு கிளம்பி, சுத்தமாக இருக்கும் மறுபக்கத்தையும் மூடிவிடும். வேகத்தில் முட்டை பிய்ந்துவிடும். அவள் முடிந்தவரை துடைத்துக்கொள்ளட்டும். நாம் உதவி செய்கிறேன் என்று செய்தது போதும்.

பவளத்துக்குத்தான் கை இல்லை. கடற்பஞ்சின் துளைகள் அடைத்துக்கொள்ளும், மூச்சுவிட முடியாமல் போகும். சேற்றுக்கடியில் இருக்கும் என் புழுக்களில் பெரியவை ஏறி வந்துவிடும், சின்னவை அங்கேயே முடிந்துவிடும். அந்த விசிறிகள் அம்மா பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கே நிற்பவை. வருஷத்துக்கு நகம் அளவுதான் வளரும்.

குழுவின் முன்னால் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், "அப்ப மேடம், போன தடவை நீங்க சொன்னதுல எது உண்மை?" என்றார். சேறு கொல்லும் என்பது உண்மை, எந்தப் பக்கம் போகும் என்பதில் தப்பு செய்துவிட்டேன் என்றேன். அடுத்த ஆய்வுக் குழுவில் என் பேர் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். உன் மாமா பாத்திரம் கழுவினார். அம்மா வந்து, "தப்பு பண்ணினே, போய்ச் சொல்லிட்டே. இதுக்குமேல அழுதா நடிப்பு, சாப்பிட வா" என்றாள்.

நீ "பாத்தாச்சு சார்" என்று சொன்ன இடத்தை அவளுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். எச்சரிக்கைக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கு வேண்டும்.

அக்கா

ஜூன் 18

அக்கா,

துளையில் ஒன்றும் இல்லை. எண்ணெயும் இல்லை, எரிவாயுவும் இல்லை. வெறும் உப்புத் தண்ணீர். சிமென்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். நாளை மறுநாள் கப்பல் கிளம்புகிறது. மேஸ்திரி துளையை மூடிவிட்டு, "இதுக்குத்தானா?" என்றார்.

கடைசியாக ஒரு தடவை வண்டியை இறக்கிக் குச்சிகளைப் பிடுங்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியே, "மாமியாரைப் பாத்துட்டுப் போயிடலாமா?" என்றார். விளக்கைக் குறைத்துக்கொண்டு போனேன்.

அவள் இல்லை அக்கா.

அந்த மடிப்பு காலியாக இருந்தது. துளையைப் பார்த்த பக்கம் விசிறிகளில் பாதி வெறும் கருத்த குச்சிகளாக நிற்கின்றன. அந்தப் பக்கத்து முட்டைகள் முழுசாக, சாம்பல் பூசிக்கொண்டு, அப்படியே தொங்குகின்றன. சரிதான், எல்லாம் போயிற்று என்று வண்டியைத் திருப்பினேன். திரும்பும்போது மடிப்பின் உள்பக்கம் தெரிந்தது. அங்கே வேறு மாதிரி இருந்தது. முட்டை எதுவும் முழுசாக இல்லை. வெறும் தோல்தான், நுனி கிழிந்து, வெடித்த பலூன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நிறைய இருந்தன. ஏதோ மீன் வந்து தின்றுவிட்டதா, அவளே பிய்த்துவிட்டாளா, ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா அர்த்தம்?" என்று அதிகாரி கேட்டார். எங்க அக்காவைத்தான் கேட்கணும் சார் என்றேன்.

உன் பதிலுக்குக் கப்பலே காத்திருக்கிறது. சமையல்காரர் இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போகவே நிற்கிறார். இந்த மாசக் கடைசியில் கரைக்கு வருகிறேன்.

மாரடி

ஜூன் 25

தம்பி,

உள்பக்கத்துக் குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன.

மீன் தின்றிருந்தால் தோலே மிஞ்சியிருக்காது. நுனி கிழிந்த தோல் என்றால் குஞ்சு உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அவ்வளவு காலம் முட்டைக்குள் வளர்ந்ததால், வெளியே வரும்போதே சின்ன ஆக்டோபஸாகவே வரும், அப்போதே இரை தேடும். முழுசாகத் தொங்குகிறவை செத்துவிட்டன. அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வழியில்லை. சேறு இரண்டு பக்கமும் வந்திருக்கும். ஒரு பக்கத்தைத்தான் அவளால் துடைத்துக் காப்பாற்ற முடிந்தது. கடைசிக் குஞ்சு போனபின் போயிருக்கிறாள். கப்பல் ஆட்கள் எல்லோருக்கும் சொல். அதிகாரிக்கும் சொல், சமையல்காரருக்கு முதலில் சொல்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்வெட்டரின் நீளக் கையைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அடுத்த துளைக்கு வேறு இடத்தில் சர்வே நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். குழுவில் நான் இல்லை. அந்தப் படத்தை எடுக்கப்போவது நீயாக இருந்தால், எண்களை வெட்டாமல் அனுப்பச் சொல். எந்தப் பக்கம் பார்த்து ஓட்டினாய் என்று உன் கையால் எழுதிக் கொடு. யாராவது என்னைப் போல ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள்.

இதைக் கப்பலுக்கு அனுப்பினால் நீ இறங்கியபின் போய்ச் சேரும் என்று கரையில் நீ தங்கும் அறை முகவரிக்கே போடுகிறேன். கதவைத் திறந்ததும் இது காலடியில் கிடக்கும். படித்து முடித்திருப்பாய். நான் இன்றிலிருந்து தினமும் அடித்துக்கொண்டேதான் இருக்கப்போகிறேன். இப்போதும் போன் அடித்துக்கொண்டிருக்கும்.

எடுடா.

அக்கா